பிளஸ் டூ முடித்து ஸ்பானிஷ் பட்டப்படிப்பு: எல்லையோரப் பிள்ளைகளுக்கு முழுமையான வழிகாட்டி

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகள், வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமோ இங்கிலீஷோ பேசி வளர்ந்தவர்கள், பட்டப்படிப்புக்கு ஸ்பானிஷ் எடுக்கலாமா என்று கேட்டு வரும்போது நான் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். இந்தப் படிப்பில் தடுமாறுகிறவர்கள் அறிவு குறைந்தவர்கள் இல்லை. செய்ய வேண்டியதை முன்பின்னாகச் செய்தவர்கள். அப்புறம், ஸ்பானிஷுக்குள் இங்கிலீஷ் வழியாகத்தான் நுழைய முடியும் என்று நம்பியவர்கள். பல இடங்களில் தமிழ்தான் குறுக்கு வழி.

வாசிக்க வசதியாக இருக்கட்டும் என்று ஸ்பானிஷ் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் நோட்டில் அப்படி எழுதாதீர்கள், காரணம் 4-ஆம் பகுதியில் வரும்.

1. மொழி மட்டும் போதுமா, பட்டம் வேண்டுமா

இதை முதலில் முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் இதைப் பொறுத்தது. ஸ்பானிஷ் பி.ஏ. என்பது மூன்று வருடம் பேசக் கற்றுக்கொள்வது இல்லை. முதல் வருடம் மொழிதான் பெரும்பகுதி. அதற்குப் பிறகு இலக்கியம், ஸ்பெயின் வரலாறு, லத்தீன் அமெரிக்க வரலாறு, மொழிபெயர்ப்பு என்று வரும், அதில் பெரும்பகுதியை ஸ்பானிஷிலேயே வாசித்து ஸ்பானிஷிலேயே எழுத வேண்டும்.

பெங்களூர், ஹைதராபாத் கம்பெனிகளில் ஸ்பானிஷ் பேசும் வாடிக்கையாளர்களைக் கவனிக்கிற வேலை மட்டும்தான் உங்கள் குறி என்றால், வேறு ஏதாவது டிகிரி படித்துக்கொண்டே தனியாக பி2 நிலை (ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளில் நான்காவது) வரை மொழி கற்றுச் சான்றிதழ் வாங்கினால் போதும். ஆசிரியர் வேலை, ஆராய்ச்சி, நல்ல மொழிபெயர்ப்பு, இவற்றுக்குப் பட்டம் வேண்டும். கதை, கவிதை வாசிப்பதே பிடிக்காதவர்கள் பட்டத்துக்குப் போனால் இரண்டாம் வருடம் மூச்சுத் திணறுவார்கள். இதை வீட்டில் இருக்கும்போதே யோசித்துவிடுங்கள்.

2. ஃபார்முக்கு முன் சான்றிதழ்கள்

எல்லையோரக் குடும்பங்களுக்கு இருக்கிற பெரிய சிக்கல் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பெயர். தமிழ்நாட்டுச் சான்றிதழில் 'ஆர். கார்த்திகா' என்று இருக்கும், கேரளா எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 'கார்த்திகா ஆர்' என்று இருக்கும், ஆதாரில் இனிஷியலே இருக்காது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும். மத்தியப் பல்கலைக்கழக ஃபார்மில் ஒன்றைப் போட்டுவிட்டு, சேர்க்கையின்போது வேறொன்றைக் காட்டினால் உறுதிமொழிப் பத்திரம் கொண்டா என்பார்கள், டெல்லியில் நின்றுகொண்டு அதற்கு அலைய வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதுதான் அடிப்படை. ஆதாரை அதற்கு ஏற்றபடி திருத்திவிட்டுத்தான் ஃபார்மைத் தொட வேண்டும்.

அடுத்தது ஓ.பி.சி. சான்றிதழ். மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியல் மாநில வாரியாக இருக்கிறது. தமிழ்நாட்டுப் பட்டியலில் இருக்கிற ஒரு சமூகம் கேரளப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம், வேறு பெயரில் இருக்கலாம். பொள்ளாச்சியில் பூர்வீகம், கோபாலபுரத்தில் வீடு என்று இருக்கிற குடும்பங்கள் எந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பது என்று முதலில் வில்லேஜ் ஆபீசிலேயே கேட்டுவிடுங்கள். அக்ஷயா சென்டரிலோ இ-சேவை மையத்திலோ பணம் கட்டிய பிறகு கேட்டால் நாள்தான் போகும்.

வாங்குவது மத்திய அரசுப் படிவத்தில் இருக்கிற நான்-கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவில் இல்லை என்று காட்டும்) சான்றிதழா என்று பார்த்து வாங்குங்கள். மாநில வேலைக்கு, மாநிலக் கல்லூரிக்குக் கொடுக்கிற படிவம் இங்கே செல்லாது. பெரும்பாலும் அந்த நிதியாண்டில் வாங்கியதாக, அதாவது ஏப்ரல் 1-க்குப் பிந்தைய தேதியில் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். போன வருடம் அக்கா சேர்ந்தபோது வாங்கியதை வைத்துச் சமாளிக்க முடியாது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான இ.டபிள்யூ.எஸ். சான்றிதழுக்கும் இதே கதைதான்.

3. எங்கே படிப்பது, எப்படி நுழைவது

ஸ்பானிஷ் தெரியாமலே பி.ஏ.வில் சேரலாம், அதற்கென்றே அமைந்த படிப்பு இது. டெல்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஜெர்மானிய-ரொமான்ஸ் மொழித் துறை, ஹைதராபாத்தில் இஃப்லு என்று எல்லோரும் சொல்கிற ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். மூன்றும் மத்தியப் பல்கலைக்கழகங்கள், கட்டணம் தனியார் கல்லூரிகளோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு.

டெல்லியின் இரண்டு இடங்களுக்கும் வழி க்யூட் என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு. 2022-இல் தொடங்கிய இந்தத் தேர்வைத் தமிழ், மலையாளம் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். ஃபார்ம் போடும்போதே எந்தெந்தப் பாடம் எழுதப் போகிறீர்கள் என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் கேட்கிற பாடச் சேர்க்கை வேறு. முதலில் க்யூட் ஃபார்மை நிரப்பிவிட்டு அப்புறம் பல்கலைக்கழகத்தின் நிபந்தனையைப் படிக்கிறவர்கள் நல்ல மார்க் வாங்கியும் தகுதி இல்லாமல் நிற்பார்கள். வரிசையைத் திருப்புங்கள்: முதலில் அந்த வருடத்துப் ப்ராஸ்பெக்டஸ், அப்புறம் ஃபார்ம். இஃப்லு சேர்க்கை முறையையும் அந்தந்த வருட அறிவிப்பில்தான் பார்க்க வேண்டும், சீனியர் சொன்னதை வைத்து நம்பாதீர்கள்.

தூரத்தை நினைத்து வீட்டில் பயந்தால், கேரளா எக்ஸ்பிரஸ் பாலக்காட்டிலிருந்து நேராக டெல்லி போகிறது, சபரி ஹைதராபாத் பக்கம் போகிறது என்று சொல்லுங்கள். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிற வீடுகளில் இந்த ஒரு விவரம் பேச்சை மாற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.

4. சேர்வதற்கு முன்: வாயும் காதும்

ரிசல்ட்டுக்கும் வகுப்பு தொடங்குவதற்கும் நடுவே இருக்கிற நாட்களில் இலக்கணத்தைத் தொடாதீர்கள். ஒலிகளை மட்டும் பழகுங்கள். தப்பான உச்சரிப்பு முதல் மாதத்திலேயே வாயில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எடுப்பது கஷ்டம்.

ஸ்பானிஷ் ஒலிகளில் பாதிக்கு மேல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஐந்து உயிரொலிதான்: அ, எ, இ, ஒ, உ. அந்த மொழிக்கே அடையாளமான, தலையில் அலைக்கோடு போட்ட எழுத்து நம் 'ஞ'. இரண்டு உயிருக்கு நடுவே வரும் ஒற்றை ஆர் நம் 'ர'. இரட்டை ஆர் வருகிற இடத்தில் டெல்லி வகுப்பில் பாதிப் பேர் நாக்கைச் சுழற்ற முடியாமல் தவிப்பார்கள். உங்களுக்கு அது வரும், மலையாளத்தில் 'கறி' என்று சொல்லும்போது வருகிற அந்த 'ற'-வை இன்னும் கொஞ்சம் அதிரவிட்டால் போதும். 'பெரோ' என்றால் 'ஆனால்', அதையே அதிரும் 'ற' வைத்து 'பெறோ' என்றால் 'நாய்'. இந்த வித்தியாசம் காட்டத் தெரியாமல் கடைசி வருடம் வரை வருகிறவர்கள் உண்டு.

இனி நம்மவர்கள் செய்கிற பிழைகள். தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே 'க', 'ப' போன்றவை தானாக மெலிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் என்று பொருள்படும் 'போக்கோ'வை 'போகோ' ஆக்கிவிடுவோம். அழுத்தமாகவே சொல்ல வேண்டும். வார்த்தையின் கடைசி மெய்யோடு ஓர் 'உ' சேர்த்து, பேசுவது என்று பொருள்படும் சொல்லை 'ஆப்லாரு' என்பது இன்னொரு பிழை, அதை 'ஆப்லார்' என்று அங்கேயே நிறுத்துங்கள்.

இதைவிட முக்கியமானது அழுத்தம் விழும் இடம். 'ஆப்லோ' என்பதில் முதல் அசையை அழுத்தினால் 'பேசுகிறேன்', கடைசி அசையை அழுத்தினால் 'அவர் பேசினார்'. தமிழில் இப்படி அழுத்தத்தால் பொருள் மாறுவது கிடையாது என்பதால் நம் காது அதைக் கவனிப்பதே இல்லை. விதி எளிது: சொல் உயிரிலோ, 'ன்' அல்லது 'ஸ்' ஒலியிலோ முடிந்தால் கடைசிக்கு முந்திய அசை, வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசை, மேலே சாய்கோடு இருந்தால் அது இருக்கிற அசை. தினமும் ஸ்பெயின் தேசிய வானொலியை இணையத்தில் இலவசமாகப் போட்டுக் கேளுங்கள். புரிய வேண்டாம், அழுத்தம் எங்கே விழுகிறது என்று மட்டும் தாளம் போடுங்கள்.

நோட்டில் தமிழ் எழுத்து வேண்டாம் என்றதற்குக் காரணம், எடை என்ற சொல்லும் முத்தம் என்ற சொல்லும் தமிழில் எழுதினால் ஒன்றே: 'பேசோ'. முதல் நாளிலிருந்தே ஸ்பானிஷ் எழுத்தில், சாய்கோடு விடாமல் எழுதுங்கள். ஃபோனில் ஸ்பானிஷ் கீபோர்டை இப்போதே சேர்த்துவிடுங்கள்.

5. முதல் வருடம்: தமிழ் வழியாக நுழையும் இடங்கள்

வகுப்பு இங்கிலீஷில் நடக்கும், பாடப்புத்தகம் ஸ்பானிஷிலேயே இருக்கும். விளக்கம் இங்கிலீஷில் வருவதால் மனசுக்குள் இங்கிலீஷிலிருந்து ஸ்பானிஷுக்கு மாற்றுகிற பழக்கம் வந்துவிடும். கீழே உள்ள இடங்களில் அதை நிறுத்திவிட்டுத் தமிழைப் பிடியுங்கள்.

வினைச்சொல்லின் வால். 'ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லாமோஸ்' என்பது 'பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம்' மாதிரியேதான், யார் பேசுகிறார்கள் என்பது வினையின் முடிவிலேயே இருக்கிறது. அதனால் 'நான்' சொல்லத் தேவையில்லை. இங்கிலீஷ் வழியாக வருகிறவர்கள் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யோ, யோ' என்று எழுதுவார்கள். மலையாள வினைக்கும் இந்த வால் கிடையாது, ஆகவே மலையாள மீடியத்தில் படித்தவர்களும் இங்கே தமிழைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

'எனக்கு' வாக்கியங்கள். முதல் செமஸ்டரில் எல்லோரையும் உதைக்கிற பாடம் இது. 'மே குஸ்தா எல் காஃபே', எனக்குக் காபி பிடிக்கும். 'மே துவேலே லா காபேசா', எனக்குத் தலை வலிக்கிறது. 'மே பாரேசே', எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொன்றும் நம் நான்காம் வேற்றுமை. இங்கிலீஷில் 'நான் விரும்புகிறேன்' என்று யோசித்தால் 'யோ குஸ்தோ' என்ற பிழை தவறாமல் வரும். இரண்டு விஷயம் மட்டும் கூடுதலாகக் கவனியுங்கள்: பிடிக்கிற பொருள் பன்மையானால் வினையும் பன்மையாகும், மாம்பழங்கள் என்றால் 'மே குஸ்தான்'. 'அம்மாவுக்குப் பிடிக்கும்' என்னும்போது அம்மாவைச் சொன்ன பிறகும் 'லே' என்ற சின்னச் சொல் ஒன்று வந்தே தீரும்.

ஆளுக்கு மட்டும் வருகிற 'ஆ'. 'டீச்சரைத் தேடுகிறேன்' என்போம், 'டீச்சர் தேடுகிறேன்' என்று சொல்ல மாட்டோம். ஆனால் 'புத்தகம் தேடுகிறேன்' என்றால் சரி. ஸ்பானிஷிலும் ஆளைத் தேடினால் 'ஆ' வேண்டும், ஏதோ ஒரு புத்தகத்தைத் தேடினால் வேண்டாம். இங்கிலீஷில் இதற்கு இணையாக எதுவும் இல்லாததால் வகுப்பில் இதை ஒரு விசித்திர விதி போலச் சொல்வார்கள். நீங்கள் பேசுகிற தமிழில் இந்த விதி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டு இறந்த காலம். 'போன வாரம் தாத்தா வீட்டுக்குப் போனோம்' ஒரு வகை, 'சின்ன வயசில் லீவு விட்டால் தாத்தா வீட்டுக்குப் போவோம்' இன்னொரு வகை. முதலாவது 'ஃபுயிமோஸ்', இரண்டாவது 'ஈபாமோஸ்'. வாக்கியம் எழுதும் முன் தமிழில் சொல்லிப் பாருங்கள், 'போவோம்' என்று வந்தால் இரண்டாம் வகை. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, பின்னணியை விவரிக்கும்போது, 'மழை பெய்துகொண்டிருந்தது' போன்றவற்றுக்கும் இரண்டாம் வகைதான். ஆனாலும் தொடக்கத்துக்கு இந்தச் சோதனை போதும்.

6. தமிழ் கைகொடுக்காத இடங்கள்

மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். இதற்கு நம்மிடம் வழியே இல்லை. ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதற்கு முன்னால் வரும் 'எல்' (ஆண்பால்) அல்லது 'லா'-வோடு (பெண்பால்) சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். 'ஆ'-வில் முடிந்தால் பெண்பால் என்ற பொது விதியை மட்டும் நம்பினால் 'எல் ப்ரோப்லேமா' (பிரச்சினை), 'எல் தீயா' (நாள்) போன்றவை கவிழ்த்துவிடும். நாள் என்பது தினமும் பயன்படுகிற சொல், அதிலேயே தப்பு வரும்.

'செர்', 'எஸ்தார்' இரண்டுமே 'இரு' என்பதற்கு வரும். 'செர்' நிரந்தரம், 'எஸ்தார்' தற்காலிகம் என்று சொல்லிக்கொடுப்பதை அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். இறந்துபோனவரைச் சொல்லும்போது வருவது 'எஸ்தார்', அதில் தற்காலிகம் எங்கே? என்ன, யார் என்பதற்கு 'செர்'. எந்த நிலையில், எங்கே என்பதற்கு 'எஸ்தார்'. இப்படிப் பிரித்தால் தவறு குறையும்.

சப்ஜங்டிவ் என்ற வினைவடிவம் இரண்டாம் செமஸ்டருக்குப் பிறகு வரும். அட்டவணையாக மனப்பாடம் செய்யாமல் 'நீ வரணும்னு நினைக்கிறேன்', 'நீ வந்தா நல்லது' போல ஆசை, சந்தேகம், கட்டளை இருக்கிற முழு வாக்கியங்களாகச் சேர்த்து வையுங்கள். வடிவம் ஒரு மாதத்தில் வந்துவிடும், எப்போது போடுவது என்பதுதான் நாளெடுக்கும்.

7. இலக்கியம்: பாடத்திட்டத்தின் வரிசையில் வாசிக்காதீர்கள்

பாடத்திட்டம் பெரும்பாலும் இடைக்காலத்திலிருந்து தொடங்கும். மொழியில் ஒரு வருடம்கூட நிறையாதவர்கள் 1554-இல் வந்த 'லாசரில்யோ' நாவலையோ 1605, 1615-இல் இரண்டு பாகமாக வந்த 'தோன் கிஹோத்தே'யையோ எடுத்தால் இரண்டு பக்கத்தில் மூடிவிட்டு இங்கிலீஷ் சுருக்கத்துக்குப் போய்விடுவார்கள். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் பட்டம் முடியும்வரை மூலத்தைத் தொட மாட்டார்கள்.

அதனால் முதல் வருட லீவிலேயே, பாடத்தில் இருக்கிறதோ இல்லையோ, 20-ஆம் நூற்றாண்டிலிருந்து பின்னோக்கி வாசியுங்கள். நான் முதலில் கொடுப்பது ஸ்பெயின் கவிஞர், நாடகாசிரியர் லோர்காவின் 'பெர்னார்தா ஆல்பாவின் வீடு' நாடகம். முழுக்க உரையாடல், வாக்கியங்கள் சின்னது. கணவன் இறந்ததும் ஐந்து பெண்களை எட்டு வருடத் துக்கம் என்று வீட்டுக்குள் பூட்டுகிற அம்மா, ஊர் என்ன சொல்லும் என்கிற பயம், இவை எதையும் நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. லோர்கா 1936-இல் இதை எழுதினார், அதே ஆண்டு ஆகஸ்டில் கொல்லப்பட்டார். நாடகம் 1945-இல்தான் புவெனோஸ் ஐரஸில் மேடையேறியது. அடுத்து ஹுவான் ருல்ஃபோவின் சிறுகதைகள், அதற்கடுத்து கார்சியா மார்க்கேஸின் சின்ன நாவல் ஒன்று. 'நூறாண்டுத் தனிமை' பிறகு.

மார்க்கேஸ் மலையாளத்திலும் தமிழிலும் கிடைக்கிறார். மூலத்தை வாசித்த பிறகு மொழிபெயர்ப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், முன்னால் வேண்டாம். முன்னால் வாசித்தால் கதை தெரிந்துவிடும், அகராதியைத் திறக்கவே மனம் வராது. அகராதி என்றால் ஸ்பானிஷ் அரச கழகத்தின் அகராதி, இணையத்தில் இலவசம். காப்புரிமை முடிந்த பழைய நூல்களுக்கு மிகேல் தே செர்வாந்தேஸ் மெய்நிகர் நூலகம் இருக்கிறது. காத்தெத்ரா என்ற ஸ்பெயின் பதிப்பகத்தின் பதிப்பு கிடைத்தால் அதன் நீண்ட முன்னுரையைக் கடைசியில் படியுங்கள், இல்லாவிட்டால் தேர்வில் உங்கள் கருத்துக்குப் பதிலாக முன்னுரைக்காரரின் கருத்தை எழுதிவைப்பீர்கள்.

8. 'கொமென்தாரியோ' எழுதும் முறை

இலக்கியத் தேர்வின் முதுகெலும்பு இதுதான். ஒரு கவிதையோ ஒரு பக்க உரைநடையோ கொடுத்து, அலசி எழுதச் சொல்வார்கள். வரிசை: எங்கே, எப்போது, யாருடையது, ஒரே வாக்கியத்தில் கரு, எத்தனை பகுதியாகப் பிரிகிறது, மொழியும் அணியும், கடைசியில் உங்கள் தீர்ப்பு.

எல்லோரும் தவறுவது மொழியும் அணியும் என்ற இடத்தில். உருவகம் உண்டு, திரும்ப வருதல் உண்டு என்று அணிகளைக் கணக்கெடுத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். அது கருவுக்கு என்ன செய்கிறது என்று சொல்லாத அணிக்கு மார்க் இல்லை. பிளஸ் டூ தமிழில் அணி இலக்கணம் எழுதிய அதே ஒழுங்கு இங்கே உதவும்.

கவிதை என்றால் அசை எண்ண வேண்டும். அடுத்தடுத்த சொற்களில் உயிரும் உயிரும் சந்தித்தால் ஒரே அசை. 'லா காசா எஸ்தா ஆபியெர்தா', வீடு திறந்திருக்கிறது என்ற சாதாரண வாக்கியத்தையே எடுங்கள். தனித்தனியாக எண்ணினால் 8 அசை. 'காசா எஸ்தா' சேர்கிற இடத்தில் ஒன்று குறையும், 'எஸ்தா ஆபியெர்தா' சேர்கிற இடத்தில் இன்னொன்று, மொத்தம் 6. வரியின் கடைசிச் சொல்லில் அழுத்தம் இறுதி அசையில் விழுந்தால் ஒன்றைக் கூட்டுங்கள், கடைசியிலிருந்து மூன்றாவதில் விழுந்தால் ஒன்றைக் கழியுங்கள். எண்ணிக்கையைத் தப்பாகப் போட்டால் வடிவத்தின் பெயரும் தப்பாகும், அதன்மேல் கட்டிய மீதி விடையும் சரியும்.

9. பண்பாட்டுத் தாள்

ஸ்பானிஷை ஆட்சிமொழியாகக் கொண்ட நாடுகள் 20. 'ஸ்பானிஷ் பண்பாடு' என்று ஒருமையில் எழுதுகிற விடை அங்கேயே பலவீனமாகிவிடும். எந்த நாடு, எந்தக் காலம் என்று எப்போதும் குறிப்பிடுங்கள். ஸ்பெயினுக்கு 1936 முதல் 1939 வரை உள்நாட்டுப் போர், 1975-இல் சர்வாதிகாரி ஃப்ராங்கோவின் மரணம், 1978 அரசியல் சாசனம், இந்த மூன்றும் விரல்நுனியில் இருக்க வேண்டும், 20-ஆம் நூற்றாண்டு நூல் எதுவும் இவை இல்லாமல் பிடிபடாது.

மொழி அரசியல் பகுதியை விட்டுவிடாதீர்கள். ஸ்பெயினுக்குள்ளேயே கத்தலான், பாஸ்க், கலீசிய மொழிகள் அந்தந்தப் பகுதியில் ஆட்சிமொழிகள். பராகுவேயில் ஸ்பானிஷோடு குவாரனியும் ஆட்சிமொழி. வீட்டுக்கு ஒரு மொழி, ஆபீசுக்கு ஒரு மொழி, போர்டில் இன்னொரு எழுத்து என்று வாழ்ந்த உங்களுக்கு இதில் எழுத நிறைய இருக்கும், ஆய்வுக் கட்டுரைக்கு இதையே தலைப்பாக எடுக்கச் சொல்வேன். இந்தியத் தொடர்பு வேண்டும் என்றால் கவிஞர் ஒக்தாவியோ பாஸ் இருக்கிறார்: 1962 முதல் 1968 வரை மெக்சிகோவின் இந்தியத் தூதர், மெக்சிகோ நகரத்தில் மாணவர்களைச் சுட்டதைக் கண்டித்துப் பதவியை விட்டவர், 1990-இல் நோபல் பெற்றவர்.

10. சான்றிதழ் தேர்வு எப்போது

ஸ்பானிஷ் மொழித்திறனுக்கு டெலே, சியேலே என்று இரண்டு சான்றிதழ் தேர்வுகள் இருக்கின்றன. டெலே ஒரு குறிப்பிட்ட நிலைக்கு எழுதுவது, வாழ்நாள் முழுக்கச் செல்லும். சியேலே கம்ப்யூட்டரில் எழுதுவது, 5 வருடம் செல்லும். டெலேயில் கீழ்நிலை முடித்துத்தான் மேல்நிலை எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பி.ஏ. மாணவர்கள் ஏ1, ஏ2 எழுதுவது காசைக் கொட்டுவது, உங்கள் மார்க் ஷீட்டே அதற்குச் சாட்சி. மூன்றாம் வருடத்தில் நேராக பி2 எழுதுங்கள்.

பி2-வில் வாசிப்பும் எழுத்தும் ஒரு குழு, கேட்பதும் பேசுவதும் ஒரு குழு, ஒவ்வொன்றிலும் 50-க்கு 30 எடுக்க வேண்டும். ஒன்றில் 48 எடுத்து இன்னொன்றில் 28 எடுத்தாலும் தேர்ச்சி இல்லை. நம் பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் இரண்டாவது குழுவில், அதிலும் கேட்பதில். அர்ஜென்டினா, மெக்சிகோ, ஸ்பெயின் என்று பல நாட்டுக் குரல்கள் வரும், ஒரே ஆசிரியரின் குரலுக்குப் பழகிய காது அங்கே திணறும். மூன்று மாதத்துக்கு முன்பிருந்தே வாரத்துக்கு ஒரு நாட்டு வானொலி என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். தேர்வுக்குப் பதியும்போது பெயரை அடையாள அட்டையில் இருக்கிறபடியே போடுங்கள், 2-ஆம் பகுதியில் சொன்ன வேலையை அப்போதே முடித்திருந்தால் இங்கே யோசிக்க ஒன்றும் இருக்காது.